வெயிலோடு வந்த வெள்ளம்

அடைமழை ஓய்ந்து வெயில் வந்த காலை அது. வேலியெல்லாம் ஈரத்துணி. கடலை ஒட்டிய எங்கள் ஊர் ஏரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் நின்ற இடம் மட்டும், தண்ணீரில் யாரோ குங்குமத்தைக் கரைத்ததுபோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. ஆந்திரா பக்கம் அணையைத் திறந்துவிட்டார்களாம். ஆற்றில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி வருகிறதாம். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போக வேண்டுமாம். விடியும்போதே என் போனிலும் சிவப்பு எச்சரிக்கை வந்திருந்தது. கன அடி என்றால் என் வீட்டுப் படியில் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகமும் இல்லை.

பக்கத்து வீட்டில் என் கணவரின் அக்கா தனியாக இருக்கிறார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. பேச்சு இருக்கிறது, எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆட்டோ அவர் முதுகுக்குப் பின்னால்தான் போனது. அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் தோளைத் தொட்டேன்.

"அண்ணி, வெள்ளம் வருதாம். கிளம்பணும்."

அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமே சொல்ற? வெயிலு இப்டி காயுது. வெள்ளம் எங்கேர்ந்து வரும்?"

"இங்க பேஞ்ச மழை இல்ல அண்ணி. மேல பேஞ்சது. அணையத் தொறந்துட்டாங்க."

அவர் மறுபடி கருவாட்டுப் பக்கம் குனிந்தார். எனக்கே பாதி நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு அவரை எப்படி நம்ப வைப்பது? என் தம்பி ஞாபகம் வந்தது. இதே ஆற்றோரத்தில், மேலே, நாங்கள் பிறந்த ஊரில் நெல் பயிரிடுகிறான். வீடியோ காலில் கூப்பிட்டேன். அவன் போனை ஆற்றின் பக்கம் திருப்பினான்.

நான் பிள்ளையாக மணலில் விளையாடிய ஆறு அது. இப்போது மணல் இல்லை, கரை இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு பெரிய முதுகு மட்டும் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. வேரோடு ஒரு பனைமரம் அதில் மெல்லத் திரும்பிக்கொண்டே மிதந்து போனது. அண்ணி போனை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவுக்கு இன்னும் வராத தண்ணீர் அவர் உள்ளங்கையில் ஓடியது.

"இதுவா நம்மகிட்ட வருது?"

"ஆமா. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்னு தம்பி சொல்றான். பௌர்ணமி வேற. கடல் ஏறி நிக்கும். முகத்துவாரம் வழியா தண்ணி சீக்கிரம் வெளிய போவாது."

அண்ணி கருவாட்டை மூட்டை கட்டினார்.

என் கணவர் மீஞ்சூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். "எனக்காகக் காத்துனு நிக்காதீங்க, கிளம்புங்க" என்று போனில் சொன்னார். மெயின் சுவிட்சை இறக்கினோம். சிலிண்டரை மூடினோம். ரேஷன் கார்டு, ஆதார், அண்ணியின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்துகொண்டேன். அண்ணி தன் ஆட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பாதுகாப்பு மையத்துக்குப் போக மனமில்லை. திருப்பாலைவனத்தில் சித்தி வீடு இருக்கிறது. அங்கே போனால் சூடாகச் சோறு கிடைக்கும் என்று ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். ஆட்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாதி வழியில், தாழ்வான ஓர் இடத்தில், சாலைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுக் கண்ணாடிச் சில்லுகளாக மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது.

"முட்டிக்குக் கீழதான்கா, போய்டலாம்" என்றார் டிரைவர்.

"போங்க" என்று நானும் சொன்னேன்.

அண்ணி அவர் தோளைத் தட்டினார். "தாரு எங்க முடியுது, பள்ளம் எங்க தொடங்குதுன்னு காட்டு நைனா. அப்பறம் வண்டிய வுடு."

டிரைவர் எட்டிப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே நிறம். காட்ட முடியவில்லை. வண்டியைத் திருப்பினார். பிற்பாடு தண்ணீர் வடிந்தபோது, அந்த இடத்தில் சாலையில் பாதி அரித்துக்கொண்டு போயிருந்ததைப் பார்த்தேன்.

கடைசியில் பாதுகாப்பு மையத்துக்கே வந்து, அதன் மொட்டை மாடியில் இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளம் வந்தது. நான் ஓர் இரைச்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓசையே இல்லாமல் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. வேலி ஓரத்துத் துணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, யாரோ உடுத்திக்கொண்டு நடப்பதுபோல் நகர்த்திக்கொண்டு போனது. சிவந்த வானம் எங்கள் வாசல்களில் எல்லாம் கிடந்தது.

"சத்தம் வருதா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்ல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கல அண்ணி."

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

கடல் உள்வாங்கியபின் தண்ணீர் முகத்துவாரம் வழியாக வடிந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோழிகள்தான் போய்விட்டன. கணவர் வந்து சேர்ந்தார். மின்வாரியத்துக்காரர் வந்து பார்க்கும்வரை சுவிட்சைத் தொடவில்லை. நனைந்த அரிசியைக் கொட்டிவிட்டோம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். எதையும் தூக்குவதற்கு முன், பாம்பு ஒண்டியிருக்குமோ என்று கம்பால் தட்டித் தட்டிப் பார்த்தோம்.

அண்ணி வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது, உரல் குழியில் தேங்கிய தண்ணீரில் ஒரு சின்ன மீன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏரி மீன் இல்லை, ஆற்றுக் கெண்டை. ஒருவேளை தம்பி ஊரைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம். அண்ணி அதைக் கையில் அள்ளி எடுத்துப் பார்த்தார்.

"குழம்புக்கு ஆவாது" என்று சொல்லிக்கொண்டே, வாய்க்காலைப் பார்த்து நடந்தார்.