ரொட்டி தின்றால் காய்ச்சலா?

போன வாரம் என்னைப் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவர். இன்னொருவர் வீடு தெரியாமல் மாறி வந்தவர்.

வந்தவர்கள் பழத்தோடு வந்தார்கள். ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு சீப்பு மலைவாழை... குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை! கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிரெட் மெஷின்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – முப்பத்தோரு வருஷம் கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூலில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹாஸ்டலிலேயே அறை, மெஸ்ஸிலேயே சாப்பாடு. இருநூறு பிள்ளைகளின் தட்டுச் சத்தத்துக்கு நடுவே, ‘ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட விடுங்களேன்’ என்று கத்தியவள் நான். இப்போது பெருமாள்மலை போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். சுற்றிலும் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். வாரத்தில் பாதி நாள் எல்லாக் கதவிலும் பூட்டு. ரசம் கொதிக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

மெஷின், ரிட்டயர் ஆனபோது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த பரிசு. இரண்டு வருஷம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இந்த மழையில் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு வெளியே எடுத்தேன்.

மாவு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் – எல்லாவற்றையும் போட்டு மூடி பட்டனைத் தட்டினால் மூன்றரை மணி நேரத்தில் ரொட்டி. அப்படித்தான் கூட வந்த புத்தகம் சொன்னது. முதல் ரொட்டி ஜம்மென்று எழும்பி, பிறகு நடுவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. மலையில் காற்றழுத்தம் குறைவு. மாவு அவசரப்பட்டுப் பொங்கிவிடுகிறது. புத்தகம் எழுதியவர் மலை ஏறாதவர் போலிருக்கிறது. ஈஸ்ட்டைக் குறைத்துப் போட்டேன். மூன்றாவது ரொட்டி அசல் ரொட்டியாகவே வந்தது. வீடெல்லாம் வாசனை. சூட்டோடு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. "நல்லா வந்திருக்கு" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் மெஷின் பீப் பீப் என்று கூப்பிடும். ஒரு நாள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பீப் என்றது. "இதோ வரேன்... வரேன்..." என்றேன். சொன்ன பிறகுதான், யாருக்குப் பதில் சொன்னேன் என்று உறைத்தது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அழுகை வந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

அந்த மெஷினில் சுடக்கூடிய மிகச் சின்ன ரொட்டியே நான்கு பேருக்குக் காணும். வீணாக்க மனம் வராமல் காலையிலும் ரொட்டி, மாலையிலும் ரொட்டி. கையில் ரொட்டியோடு நான் கதவைத் திறப்பதைப் பால் ஊற்ற வரும் முருகேசன் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வழக்கமாகப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர், ஒரு நாள் காலை நின்றார்.

"என்னங்க டீச்சர், முந்தாநாளும் ரொட்டி, நேத்தும் ரொட்டி, இன்னைக்கும் ரொட்டி... ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

நம் ஊரில் ரொட்டியை யார் சாப்பிடுவார்கள்? டூரிஸ்ட்டுகள் சாப்பிடுவார்கள். ஸ்கூல் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். மற்றபடி ரொட்டி என்றால் காய்ச்சல்தான். போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாலில் நனைத்து, முனகிக்கொண்டே தின்கிற வஸ்து. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரே... "ம்... என்னமோ ஓடுது, முருகேசன்" என்று பெருமூச்சு விட்டேன்.

அவ்வளவுதான். "டீச்சர் ரொட்டியத் தின்னுக்கிட்டுத் தனியாக் கெடக்காங்க" என்று அவர் பால் ஊற்றுகிற வீடெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் மருந்துக் கடைக்காரர் மனைவியோடு வந்தார். அதற்கு மறுநாள் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மா வந்தார். என் பழைய ஸ்கூலிலிருந்து விமலா மிஸ் வந்தார். ஆறு மாதமாகப் போனில்கூடக் கூப்பிடாதவர், செருப்பைக் கழற்றிய வேகத்தில் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். யாராவது என்னைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருமினேன். வேண்டுமென்றேதான்! எத்தனை பிள்ளைகளின் பொய் இருமலைக் கண்டுபிடித்துக் கிளாஸுக்குத் துரத்தியிருக்கிறேன்... அறுபது வயதில் நானே இருமினேன். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

விமலா மிஸ் ரொம்ப யோசித்தார்.

"இதை இப்படியே விடக் கூடாது மிஸ். வியாழக்கிழமை லீவு போடுறேன். கார் சொல்லிடுறேன். வெள்ளனே கிளம்பி மதுரை ஆஸ்பத்திரியில ஃபுல் செக்கப் பண்ணிட்டு வந்துரலாம்."

எனக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது.

புதன்கிழமை செல்வமணி வந்தார். பக்கத்து விடுமுறை வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி. சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவர். ரொட்டியைப் ‘பாண்’ என்பார். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அவர் கையில் பழம் இல்லை. நேரே சமையலறைக்குப் போய், முக்கால்வாசி தீர்ந்திருந்த ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு பாணையும் நீங்களா தின்னீங்க?"

"ஆமா."

"அப்ப ஒங்களுக்குச் சீக்கு இல்ல டீச்சர். எங்க தோட்டத்துல சோறு மாதிரி பாண் திம்போம். காய்ச்சக்காரிக்கு இப்பிடி எறங்காது. பொறவு எதுக்குப் பொய்யி?"

"யாராவது வரட்டும்னுதான்..." என்றேன்.

செல்வமணி அடுப்பு மேடையைச் சுற்றிப் பார்த்தார். தேங்காய் எங்கே என்று கேட்டார். துருவி, மிளகாய், வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து சம்பல் செய்தார். தரையில் உட்கார்ந்து, விமலா மிஸ்ஸின் மதுரைத் திட்டத்தை நான் சொல்லச் சொல்ல, மீதி ரொட்டியை இரண்டு பேருமாகக் காலி செய்தோம். ரொட்டிக்கு இவ்வளவு ருசி உண்டா என்று இருந்தது. கை கழுவியதும் அவர் எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம், கழுவிவிடுகிற சோலி கிடக்கிறதாம்.

"வெரசா அந்த மிஸ்ஸுக்குப் போனப் போடுங்க. பாவம், லீவு போட்டுருப்பாங்க."

போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விமலா மிஸ், "ரெண்டு நாளா நான் தூங்கலை, தெரியுமா மிஸ்?" என்றார். நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். கடைசியில், "நல்லா இருக்கீங்கள்ல, அது போதும்" என்று போனை வைத்துவிட்டார்.

நன்றாகத்தான் இருக்கிறேன். அதுதான் பிரச்னை.

இந்தச் செய்தியும் பாலோடு சேர்ந்து ஊரெல்லாம் போயிருக்க வேண்டும். இந்த வாரம் ஒருவரும் வரவில்லை. முருகேசன் பழையபடி திரும்பிப் பார்க்காமல் போகிறார். செல்வமணி பார்த்துக்கொள்கிற வீட்டு விருந்தாளிகள் இன்னும் கிளம்பவில்லை. ஆரஞ்சுப் பழங்கள் கூடையில் சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. என்ன பழம் வாங்குவது, எவ்வளவு நேரம் உட்காருவது, எந்த இடத்தில் ‘உச்’ கொட்டுவது – எல்லாம் அத்துப்படி. ஆனால் நன்றாக இருக்கிற ஒருவரைப் பார்க்க, என்ன சொல்லிக்கொண்டு போவது? அதுதான் நமக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். அந்த மருந்துக் கடைக்காரர் வீட்டுக்கு நான் மட்டும் என்றைக்காவது சும்மா போயிருக்கிறேனா என்ன?

இன்று காலையும் மெஷினில் மாவு போட்டிருக்கிறேன். யாராவது வாருங்களேன்... எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.