சாலையில் வைத்த கற்கள்

விமானம் இறங்கியபோது அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, அந்தச் சிறிய பயிற்சி விமானத்துக்குள் ஒரு பயிற்றுநர், அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர். நான் இல்லை. சென்னையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். கொள்ளு அறுத்ததும் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவோம். வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரும். யாரும் ஒதுங்கிப் போய்விடாதபடி சாலையின் மறுபாதியில் பெரிய கற்களை வரிசையாக வைப்போம். அப்பாவும் வைத்திருந்தார்.

மார்கழிப் பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே இரைச்சல் தாழ்வாகச் சுற்றிச் சுற்றி வந்தது. இறங்க இடம் தேடுகிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா வயலுக்குள் ஓடினார். அப்பா கற்களை உருட்டித் தள்ள ஓடினார். கடைசிக் கல்லில் கை வைத்திருந்தபோது இறக்கையின் நுனி அவர் இடுப்பில் அடித்தது. விமானம் கொள்ளுச் செடியின் மேல் வழுக்கிப்போய் நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான்.

அப்பாவுக்கு அசெட்டாபுலம் (தொடையெலும்பின் தலை பொருந்தியிருக்கும் இடுப்புக் குழி) உடைந்திருந்தது. எங்கள் வீட்டில் ஸ்கேன் அறிக்கையை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். வாசித்தேன்; பாதி புரியவில்லை. உங்களுக்கும் புரியாவிட்டால் வெட்கப்படாமல் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் மருத்துவர் ஒரு கிண்ணமும் அதற்குள் ஓர் உருண்டையும் வரைந்தார்.

“கிண்ணம் ஒடஞ்சிருக்கு. தகடு வச்சுச் சேக்கணும்.”

அப்பா ஒன்றுதான் கேட்டார். “இனிமே குத்தவைக்க முடியுமாங்க?”

களை எடுப்பதும் கடலை ஆய்வதும் எங்களுக்குக் குத்தவைத்து (குந்தி உட்கார்ந்து) செய்கிற வேலை.

“மொதல்ல நடப்போம்யா” என்றார் மருத்துவர்.

அறுவைக்கு முன் டிராக்‌ஷன் (காலில் எடை கட்டி இழுத்து வைப்பது). அப்போது நோயாளி அசையமாட்டார், பார்த்துக்கொள்பவர் தூங்கமாட்டார். படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைத்தபடியே அம்மா திட்டுவார்.

“பிளேன் வந்தா ஊரே ஒதுங்கும். இவுக மட்டும் எதுக்க ஓடுவாக.”

“கல்ல வச்சது நாந்தானடி.”

“ஆமா, பெரிய ஏர்போர்ட்டு ஆபீசரு. முதுகக் காட்டுங்க.”

நெற்றியில் பிளாஸ்திரியோடு அந்த இளைஞர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று அழுதார்.

“அழுவாதீங்க தம்பி. எங்க கொள்ளுச் செடிய இம்புட்டுச் சுத்தமா எந்த லாரியும் மிதிச்சதில்ல” என்றார் அப்பா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அறுவை முடிந்தது. பிறகு வாக்கர், அப்புறம் ஊன்றுகோல். குணமாவது ஒரே சீராக நடப்பதில்லை. நேற்று வாசல்வரை போனவர் இன்று கட்டிலைவிட்டு எழமாட்டார். அதை மறுபடியும் விழுந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி எடுத்துக்கொண்டு நிறையச் சோர்ந்துபோனேன்.

கடைசிப் பரிசோதனையில் அப்பா அதே கேள்வியைக் கேட்டார்.

“எலும்பு நல்லாக் கூடிருச்சு. நடங்க, பைக் ஓட்டுங்க. குத்தவைக்க மட்டும் வேணாம். கிண்ணம் தாங்காது.”

அப்பா தலையாட்டினார்.

இப்போது எங்கள் வீட்டில் நேரம் அவர் நடையில்தான் போகிறது. அவர் எழுந்து நிற்கும்வரை பேச்சு நிற்கும், சோறு ஆறும். அவசரப்பட எனக்கும் மறந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது அவரோடு கடலைக் கொல்லைக்குப் போனேன். அம்மா குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா வரப்பில் நின்றபடியே ஒரு புல்லைப் பார்த்துக் குனிந்தார். கை முழங்காலைத் தாண்டி நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவு காப்பீட்டு அட்டையில் கழிந்துவிட்டது. எங்கள் கையைவிட்டுப் போனது, அப்பாவின் விரலுக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு முழம்.