நடு நவராத்திரியில் இறங்கிய பொம்மை

என் கைப்பேசியில் அந்தப் படம் அனுப்பத் தயாராக இருந்தது. மந்தைவெளி வீட்டுக் கொலு, சீரியல் விளக்கு இல்லாமல் கொஞ்சம் மங்கலாக. வருடா வருடம் விளக்குப் போட்டுத் தருகிறவர் கீழ்வீட்டு பாய். மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடி போயிருந்தவர், அந்த முறை மூன்றாம் நாள்தான் திரும்பினார். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று என் மாமியார் ஒரு காரியம் செய்திருந்தார். புத்தர், மகாவீரர், ஏசு வரிசையில், பழைய முனிவர் பொம்மை ஒன்றுக்குப் பச்சைப் பட்டு போர்த்தி, ‘நபிகள் நாயகம்’ என்று சீட்டு எழுதி நிறுத்தியிருந்தார். வீட்டில் ஒருவருக்கும் அது தவறென்று உறைக்கவில்லை. படித்த குடும்பம் என்று பெயர் வேறு.

விளக்குச் சரத்தோடு மாடியேறி வந்த பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. “இத யாராச்சும் போட்டோ எடுத்துக்கினு போனாங்களாம்மா?” என்று என்னைத்தான் முதலில் கேட்டார். இந்தக் காலத்தில் ஒரு படம் யார் கைக்குப் போய் எந்தத் தெருவில் கல்லெறியில் முடியும் என்று யார் கண்டது? “இல்ல பாய்” என்று சொல்லிக்கொண்டே படத்தை அழித்தேன்.

மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “உங்க நபியைக் கீழ்ப்படியிலயா வெச்சேன்? மேல்படியிலன்னா வெச்சிருக்கேன்!”

“அவரு மேல எங்களுக்கு உசுரு மாமி. அதான் உருவம் வெக்க மாட்டோம். அவரு சாமி இல்ல, தூதரு. என்னைக்கூடக் கும்பிடாதீங்க, அல்லா ஒருத்தனத்தான் கும்பிடணும்னு சொல்ல வந்தவரு. இத பாத்துக்கினு என்னால உள்ள வர முடியாது. கொலு முடியட்டும், வரேன்.” சரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

ஏற்றிய பொம்மையை விஜயதசமிக்கு முன்னால் இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்பது மாமியாரின் நம்பிக்கை. பெற்ற பிள்ளையான என் கணவரையே படியைத் தொட விடமாட்டார். இனி பாய் நம் வீட்டுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

“செத்த நில்லுங்கோ பாய்.”

மாமியார் அம்பாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சீட்டைக் கண்ணில் ஒற்றிப் பாயிடம் நீட்டினார். பொம்மையை இறக்கினார். “ஒத்தர்தான்னு சொல்ல வந்தவரை இத்தனை பேர் கூட்டத்துல கொண்டு நிறுத்திட்டேனே” என்றார். பாய் செருப்பைக் கழற்றினார்.

இன்று மாமியார் இல்லை. கொலு நான் வைக்கிறேன், விளக்கு பாய்தான் போடுகிறார். எவ்வளவு பெரிய மனசு என்று பிறர் மாமியாரைப் பாராட்டும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். அந்த நவராத்திரி முடியும்வரை, என் கணவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் மாமியார் வாசலுக்கு ஓடிவந்து, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பயம் போகவே இல்லை. பயந்துகொண்டேதான் அந்தப் பொம்மையை இறக்கியிருக்கிறார்.