மடக்கி வைத்த கால்கள்

என் மேசை மேல், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. பழைய காரின் பால் ஜாயிண்ட். ஒரு கிண்ணத்துக்குள் குண்டு, அந்தக் குண்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு முளை. தேய்ந்து போனதால் முளையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் தலை தொங்கிவிடும். பேரப்பிள்ளைகள் எடுத்து ஆட்டினால் பிடுங்கி வைத்துவிடுவேன். அது ‘கொடக் கொடக்’ என்று ஆடும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அதைக் கழற்றியவர் என் சம்பந்தி, மருமகளின் தகப்பனார். செவிலிமேட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். பெண் கொடுத்த வீடு என்பதால் எங்கள் வண்டியை வேறு எவர் கையும் தொட விடமாட்டார். நான் நின்றால் அவரும் நிற்பார். நான் காப்பி குடித்த பிறகுதான் அவர் டம்ளரைத் தொடுவார். என் எதிரில் அவர் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். பயம் வந்தால் கண்ணில் பட்டதை எண்ண ஆரம்பித்துவிடுவேன். படி, ஜன்னல் கம்பி, மாத்திரை, எதுவானாலும். எண்ணிக்கொண்டிருக்கும் வரை கெட்டது ஒன்றும் நடக்காது என்று எனக்குள் ஒரு நினைப்பு. அது அவருக்குத் தெரியும். “நான் எத்தினி இட்லி துன்னேன்னு எனக்குத் தெரியாது, சம்பந்தியக் கேளுங்க” என்று பந்தியில் சிரிப்பார்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு குறுகலானது. பங்குனித் திருவிழாவில் சாமி புறப்பாடு அந்த வழியாகத்தான் வரும். அன்று தெருவில் ஒரு சைக்கிள்கூட நிற்காது. பல வருஷத்துக்கு முன்பு ஒரு முறை, புறப்பாட்டுக்கு முந்தின நாள் மாலை, வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது இடது முன் சக்கரத்தில் ‘கொடக்’ என்றது. சம்பந்தி வந்து சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “பால் ஜாயிண்ட் போயிடுச்சு. இனி ஒரு அடி ஓட்டக் கூடாது. சக்கரம் மடிஞ்சுக்கும்” என்றார். மறுநாள் விடிந்ததும், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கையை, பால் ஜாயிண்டோடு சேர்ந்த புது ஆர்மை, எடுத்துக்கொண்டு வந்தார். சாமி வருவதற்குள் மாற்றி, வண்டியைப் பக்கத்துச் சந்தில் விட்டுவிடலாம் என்பது அவர் நினைப்பு.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கழற்றிய சக்கரத்தையே அடியில் முட்டாகக் கிடத்தினார். வண்டியோடு ஆர்மைப் பிணைக்கும் போல்ட்டுகள் சுலபமாக வந்துவிட்டன. பால் ஜாயிண்ட்தான் வரவில்லை. அதன் முளை பம்பர ஆணி போலக் கூம்பலானது. சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் உள்ள துளையின் கண்ணுக்குள் இறங்கி, துருவேறி, ஒன்றாகிக் கிடந்தது. அதைப் பிரிக்கும் கருவியைக் கூரம் கிராமத்துக்காரர் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். ஆகவே சுத்தியல். முளையை அடிக்கக் கூடாதாம், அது இருக்கும் கண்ணைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டுமாம். அடியில் இருந்த நட்டையும் அவர் முழுதாகக் கழற்றவில்லை. இரண்டு மரை தளர்த்தி அப்படியே விட்டார். “இது இருக்கட்டும். பிச்சுக்கினு வந்தா மூஞ்சிலதான் வுழும்” என்றார்.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் போனார். அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான் எதிரில் இருப்பதால் என் பக்கம் கால் நீட்டக் கூடாதென்று, முழங்காலை மடக்கி, பாதம் இரண்டையும் வண்டிக்கு உள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டார். வெளியே அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. எழுபதாவது அடியைத் தாண்டியும் ஜாயிண்ட் அசையவில்லை. நாயனமும் மேளமும் தெருமுனைக்கு வந்துவிட்டன.

முன்னால் ஓடி வந்தவர்கள், சாமிக்குத் தோள் மாற்றும் ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துணிச் சும்மாடு வைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கத்தினார்: “இன்னா சார் இது, சாமி திரும்பிடுச்சு! வண்டிய எடு!” எடுக்க முடியாது என்று நான் சொல்லி முடிக்கவில்லை. “எடுக்க முடியாதா? தூக்கிடுவோம்! சாமியையே தூக்கறோம், உன் வண்டிய தூக்க மாட்டமா? புடிங்கடா!” மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் முன்பக்கம் மேலே எழும்பி, சந்துப் பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. ஜாக்கி சாய்ந்து விழுந்தது. முட்டுச் சக்கரம் வண்டிக்கு வெளியே கிடந்தது. அடியிலிருந்து ‘டணார்’ என்று ஒரு சத்தம்.

அது அவர் மண்டை என்றுதான் நினைத்தேன். எப்படி எழுந்தேன், எப்படி அந்த மூத்தவர் கையைப் பிடித்தேன் என்று தெரியாது. “எறக்காதீங்க! சம்பந்தி இருக்காரு! உள்ள சம்பந்தி இருக்காரு!” என்று அலறினேன். அந்தப் பயத்திலும் அவர் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. மூத்தவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. சாமி தூக்கும்போது கொடுக்கும் அதே குரல்: “தோள் குடு… எறக்காத… எவனும் எறக்காத!” அத்தனை பேரும் இரும்பின் கீழே தோளைக் கொடுத்து நின்றார்கள். கால்கள் நடுங்குவது தெரிந்தது. நான் குனிந்து வண்டிக்கடியில் காதை வைத்தேன். சட்டை கிழியும் ஓசை ஒன்று கேட்டது. பிறகு கிரீஸ் அப்பிய ஒரு கை வெளியே வந்தது.

விழுந்த ஜாக்கி ஆர்மில் மோதியதில்தான் அந்த ஜாயிண்ட் விட்டிருந்தது. கழற்றாமல் வைத்த நட்டில் ஆர்ம் தொங்கி நின்றதால், அவர் மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம் மிஞ்சியது. சட்டைக்கை ஜாக்கிக்கடியில் மாட்டிக்கொண்டதால் அதைக் கிழித்துவிட்டு வந்திருக்கிறார். எழுந்து நின்றதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “எத்தினி அடி ஆச்சு சம்பந்தி?” என் தலைக்குள் ஓர் எண்ணும் இல்லை. “சாமி மாலை போட்டுக்கினு வருது, உங்க சம்பந்தி கிரீஸ் போட்டுக்கினு வராரு” என்று தூக்கியவர்களில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வண்டியைச் சந்தில் வைத்துவிட்டு ஓடினார்கள். சாமி வந்தது, கற்பூரம் காட்டினார்கள். நான் சாமியைப் பார்க்கவில்லை. சாமியைச் சுமக்கும் தண்டுக்குக் கீழே இருந்த தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மகனின் இப்போதைய வண்டியில் அதே ‘கொடக்’. சம்பந்திக்கு இப்போது முழங்கால் வலி, ஒர்க் ஷாப்பையும் விட்டுவிட்டார். ஆனாலும் கோணியோடு வந்துவிட்டார். “வேற ஆள் பாத்துக்கட்டும்” என்று கெஞ்சினேன். “என் பொண்ணு உக்கார்ற வண்டி, நான் பாக்காம?” என்றவர், அடியில் போய் வழக்கம்போல் காலை மடக்கினார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். கையை உள்ளே விட்டு அவர் வலது பாதத்தை வெளியே இழுத்து என் மடியில் வைத்து, கணுக்காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“ஐயையோ, இன்னா சம்பந்தி இது! வுடுங்க, யாராச்சும் பாத்தா…”

“பாக்கணும்னுதான் புடிச்சிருக்கேன். நீங்க அடிங்க.”

எதிர்வீட்டு நெசவாளர் தறியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். “பையனப் பெத்தவரு பொண்ணு வீட்டுக்காரரு கால புடிச்சிக்கினு இருக்காரே! தெருவே தலகீழா ஆயிடுச்சுபா!” என்று சத்தம் போட்டார். போடட்டும். சுத்தியலின் ஒவ்வொரு அடியும் அந்தக் கணுக்கால் வழியாக என் கைக்கு வந்தது. கடைசியில் ‘டக்’ என்றது. கால் ஒரு முறை துள்ளியது. அதன் கட்டை விரலையே பார்த்தேன். அது மெல்ல அசைந்தது.

“எத்தினி ஆச்சு சம்பந்தி?” என்றார் அடியிலிருந்து.

“எண்ணலை.”

“அப்ப காலை வுடுங்க, நான் வெளிய வரணும்.”

மேசை மேல் இப்போது பால் ஜாயிண்ட் இரண்டு.