ஒரு சொல் மட்டும் மிஞ்சியபோது

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கணவர் லேப்டாப், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் ஒரு பட்டுக் கடையில் புடவைகளைப் படம் எடுத்து ஆன்லைனில் ஏற்றுகிற வேலை செய்துவந்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் அறிவியல் புனைகதை. வேலூருக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் நாவல் தேடுவோம். பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்துவிடும்.

படிக்கிற விதத்தில் எங்களுக்கு ஒத்துப்போகாது. எனக்கு மனிதர்கள் வேண்டும். யார் யாரைப் பிரிந்தார்கள், கடைசியில் சேர்ந்தார்களா என்று தெரிய வேண்டும். இயந்திரத்தை விவரிக்கிற பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போவேன். அவருக்கு அந்தப் பக்கங்கள்தான் உயிர்.

"உன் கதையில வர்ற மிஷினுக்கு சார்ஜே போட வேணாமா? பாஸ்வேர்டு மறந்து யாரும் கடைக்கு வரமாட்டாங்களா?" என்று சீண்டுவேன்.

"சிரிச்சிகினே இரு. மனசுல நெனைக்கிறத அப்பிடியே பேசற மிஷின் வரும். நாம இருக்கும்போதே வரும்" என்பார்.

போன வருடம் ஒரு காலை, கடையில் போனைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றினார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. எழுத்தைக் காட்டினால், தெரியாத மொழியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ஜல்தி.

சீக்கிரம் முடித்துக் கொடுக்கச் சொல்லி, கடையில் வாடிக்கையாளர்கள் அவரிடம் ஓயாமல் சொன்ன சொல் அது. இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் ஜல்தி, வலித்தாலும் ஜல்தி, என்னைக் கூப்பிடுவதும் ஜல்தி. சில நேரம் அதையே கெஞ்சுவதுபோலச் சொல்வார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தெரிகிற கெஞ்சலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் கருவிகளிடம் ஓடினேன். அவருடைய டேப்லெட்டில் கிடைத்த ஆப்பையெல்லாம் இறக்கினேன். தட்டச்சு செய்தால் பேசுகிற ஆப்பால் பயனில்லை. அவருக்கு எழுத்தே இல்லை. குரலைக் கேட்டுப் புரிந்துகொள்கிற ஆப்புக்குப் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கரண்ட் போனால் தறி நிற்கும். கூடவே வைஃபையும் போய்விடும். படங்களைத் தொட்டால் பேசுகிற ஆப் ஒன்று இருந்தது. சோற்றுப் படத்தைத் தொட்டார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "எனக்கு உணவு வேண்டும்" என்றது. தட்டை வைத்தேன். தலையை ஆட்டித் தள்ளினார். தண்ணீரைத் தொட்டார். அதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரை முழுக்கக் கையால் அறைந்தார். "எனக்கு உணவு, எனக்குக் குளிர், எனக்கு அம்மா" என்று அந்தக் குரல் உளறியது. இடது கையால் டேப்லெட்டைச் சுவரில் எறிந்தார்.

உடைந்த கண்ணாடியைப் பொறுக்கும்போது எங்கள் நாவல்களை எழுதிய அத்தனை பேர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. நட்சத்திரம் வரை ஆளை அனுப்பினார்களே, ஒரு மனிதன் மனதிலிருந்து அவன் பெண்டாட்டி காதுவரை ஒரு வாக்கியத்தை அனுப்ப வழி சொல்லவில்லையே.

வந்தவாசியிலிருந்து அவருடைய அக்கா வந்து பத்தியச் சமையல் செய்து போட்டார். ஒருநாள் கட்டில் பக்கத்திலேயே நின்று என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, அவன்கிட்ட எதுக்கு நாள் பூரா பேசிகினே கீற? அவனுக்கு ஒண்ணும் புரியலம்மா. மனச தேத்திக்க."

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. டாக்டர், புரிதல் ஓரளவு இருக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

அன்று மதியம், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், அவர் பலமுறை படித்த நாவல் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தேன். வேற்றுக் கிரகத்தில் தண்ணீருக்காக நடக்கிற சண்டை. நடுவில், நிலத்தடி நீரை இழுக்கிற ராட்சத பம்பு எப்படி ஓடுகிறது என்று ஒரு பெரிய விளக்கம் வரும். பழக்க தோஷத்தில் அதைத் தாண்டி அடுத்த சண்டையை ஆரம்பித்தேன்.

என் மணிக்கட்டின்மேல் ஒரு கை விழுந்தது. "ஜல்தி" என்றார், கோபமாக. என்ன வேண்டும் என்று கேட்டேன். புத்தகத்தைப் பிடுங்கினார். இடது கையால் தடுமாறித் தடுமாறித் தாள்களைப் பின்னால் தள்ளினார். பிறகு என்னை முறைத்தார்.

பம்பைப் பற்றிய பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அவர் தலையணையில் சாய்ந்தார். வால்வு அடைத்துக்கொள்கிற இடம் வந்ததும் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அவருக்கு எல்லாம் புரிகிறது. அக்கா அவர் காதுபடச் சொன்னது புரிந்திருக்கிறது. தெரு ஜனங்கள் கட்டிலருகே நின்று "பாவம், போயிருந்தாலாவது நிம்மதி" என்றதும் புரிந்திருக்கிறது. வாசலில்லாத அறைக்குள் முழு ஆளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். புரியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அடுப்படிக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பி அருகில் குனிந்தார்.

"நான் யாருன்னு தெரியுதாடா? சொல்லு."

அவருடைய உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஜல்தி" என்றார். "ஜல்தி, ஜல்தி."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் தோளைத் தட்டி, "நீ கொஞ்ச நேரம் படும்மா" என்றார்.

நான் படுக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன். என் கணவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, எந்த வரியில் நிறுத்தினேன் என்று தேடினேன். அவர் விரலை வைத்துக் காட்ட முயன்றார். எழுத்து தெரியாததால் விரல் தாளின்மேல் எங்கெங்கோ அலைந்தது. முதலிலிருந்தே படிக்கிறேன் என்றேன்.