துரையைச் சிரிக்க வைத்தவர்

தொண்ணூறுகளில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கல்யாணங்களில் சாப்பாடு முடிந்ததும் அவரைத்தான் பேச விடுவார்கள். ஒல்லியான ஆள். ஊரே சிரிக்கும், அவர் மட்டும் சிரிக்க மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை வைத்தே கங்காணி, அவருக்கு மேலே கண்டாக்கு, எல்லாருக்கும் மேலே தோட்டத்துத் துரை என்று யாராகவும் மாறிவிடுவார்.

தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, எங்கள் தோட்டத்தில் முதல் லொறி வாங்கியவன் நான். என் மகள் கல்யாணத்துக்குத் துரையே வந்தார். புதுச் சால்வையோடு ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

பிறகு, பேச வந்தவரைத் தனியே கூப்பிட்டேன். "இன்னைக்கு துரையத் தொட்டுறாதீங்க. கொழுந்து ஏத்துறத அவரு நிறுத்திட்டா என் லொறி படுத்துரும்."

"அப்ப யாரச் செய்றதுங்க?"

"யாரயாவது செய்ங்க. அவரு சிரிக்கணும், அவ்வளவுதான்."

மேடையேறினார். துண்டைக் கக்கத்தில் இடுக்கி, வயிற்றைத் தள்ளிக்கொண்டே குனிந்து, இல்லாத கார்க் கதவைத் திறந்தார். "வாங்க தொரே, பாத்து எறங்குங்க தொரே!"

துரை விழுந்து விழுந்து சிரித்தார். மணவறையில் என் மகளும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"தொர சிரிச்சிட்டாருங்க, மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போனார், சிரிக்காமலே.

லொறி நிற்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பெரிய மனிதர் யாராவது எதிரே வந்தால், என் சால்வை தோளில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.