பாசலை வாங்க அவனே வரவேண்டும்

இன்று பின்னேரம் கொழும்பு பஸ் புறப்படும் இடத்தில், எங்கள் அயலவர் சிவம் அண்ணையைக் கண்டேன். கையில் றால் பொரியல் பாசல். கொழும்பில் பெரிய ஐ.டி. கம்பனி ஒன்றில் வேலை செய்யும் மகனுக்கு அனுப்ப வந்திருந்தார்.

“அங்கை மூண்டு நேரச் சாப்பாடும் சும்மாதானே அண்ணை, பிறகேன் உது?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை. சாப்பாடு, ஜிம், படுத்தெழும்பக் கட்டில், எல்லாம் உள்ளுக்கையே குடுக்கினம். அதாலை பெடியன் வெளியிலை வாறதேயில்லை. பாசல் எண்டால் விடிய பஸ்ஸடிக்கு வரத்தானே வேணும். கொஞ்சம் வெளிக்காத்துப் படட்டும்.”

பிறகு சாரதியிடம் பாசலைக் கொடுத்தார்.

“தம்பி, போனமுறை கம்பனி வாகனத்தை அனுப்பி எடுப்பிச்சுப்போட்டான். இந்தமுறை அவன்ரை கையிலைதான் குடுக்கவேணும்.”

சாரதி சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பஸ் நகரத் தொடங்கியதும் அண்ணை சாரதியின் ஜன்னலோடு சேர்ந்து நடந்தபடி இன்னொன்றும் சொன்னார்.

“ஆள் மெலிஞ்சுபோனானோ எண்டு பாத்து எனக்கு ஒருக்கா கோல் எடுங்கோ.”

எல்லாம் சும்மா கிடைக்கும் கம்பனிகளில் இருக்கும் நண்பர்களே, நாளைக்கும் பஸ் இருக்கிறது. யாருக்கு என்ன அனுப்பட்டும்?

நீங்களே வந்துதான் வாங்க வேண்டும்.